40 அடி ஓரம்!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சாச்சு. ஃபேர்வெல், ஆட்டோகிராப், அழுகை எல்லாம் முடிஞ்சாச்சு. நாலு பேர் சேர்ந்து மூணு வருஷமா இருந்த வாடகை வீட்டை இந்த மாசக் கடைசியில் காலி பண்ணணும். ஹவுஸ் ஓனர் வருவார். நடு ஹாலில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். போஸ்டர் உரித்த தடம், கட்டில் பக்கத்தில் தலை சாய்த்துச் சாய்த்து உண்டான எண்ணெய்ப் பிசுக்கு, பேனாவால் எழுதிய போன் நம்பர்கள், கொசு அடித்த வீர வரலாறு... எல்லாத்தையும் பார்த்துட்டு, ரொம்ப அமைதியாகச் சொல்வார். "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன் தம்பி."

உடனே நாலு பேரில் ஒருத்தருக்கு ரோஷம் வரும். "எதுக்குடா ஒரு மாச வாடகை? ரெண்டு பக்கெட் வாங்கி நாமளே அடிச்சுடலாம்!"

அடிக்கலாம். தாராளமா அடிக்கலாம். ஓனர்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிக்கலாம். ஆனால் அதுக்கும் முன்னாடி உங்க வாடகை ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படிச்சுடுங்க. தமிழ்நாட்டில் 2017-ல் போட்டு 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில், யார் எந்த வேலையைச் செய்யணும்னு ஒரு பட்டியலே இருக்கு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது இரண்டும் அதில் வீட்டு உரிமையாளர் பக்கம்தான் வருது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. நாம் யார் அதைப் படிச்சோம்? வீடு கிடைச்ச சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டோம், பிரியாணி சாப்பிடப் போனோம். தவிர, புரோக்கர் இல்லாமல் வீடு கொடுத்த நல்ல மனுஷன்கிட்ட போய் சட்டப் பிரிவு பேச முக்கால்வாசிப் பேருக்கு மனசு வராது. அதனால் பெயிண்ட் அடிக்கிற வழிக்கே வருவோம்.

ரோலரை எடுத்துச் சுவரில் உருட்டுவது பெரிய வித்தை இல்லை. அரை மணி நேரத்தில் கை பழகிடும். "அட, இவ்வளவுதானா!" என்று விசிலடித்துக்கொண்டே ஒரு சுவரை முடிச்சிடுவீங்க. அப்புறம் நிமிர்ந்து மேலே பார்ப்பீங்க. சுவரும் சீலிங்கும் சேருகிற இடம். அங்கே ரோலர் போகாது. போனால் வெள்ளை சீலிங்கில் பச்சை மீசை முளைக்கும். அங்கே பிரஷ்ஷால், கையால், ஒரு கோடு இழுத்தாகணும். 10-க்கு 10 அறை என்றால் சுற்றி 40 அடி. இரண்டு கோட் அடிக்கணும்னா 80 அடி. ஓனர் பார்க்கப்போவது அந்த 40 அடியைத்தான். சுவர் எப்படி இருந்தாலும் கண் போய் நிற்கும் இடம் அது. காரணம் இருக்கு. நம்ம வீடுகளில் ட்யூப்லைட்டைச் சுவரில் உச்சத்தில்தான் மாட்டுகிறோம். மொத்த அறையிலும் அதிக வெளிச்சம் விழுகிற இடமே அந்த ஓரம்தான். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போவதால் சின்ன நெளிவுகூட நிழலோடு தெரியும்.

இந்த வேலைக்கு இங்கிலீஷில் 'கட்டிங் இன்' என்று பெயர். நம்ம ஊரில் சத்தமாக 'கட்டிங்' என்று சொன்னால் தெருவில் நாலு பேர் ஆர்வமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நாம் ஓரம் பிடிப்பது என்றே வெச்சுக்கலாம்.

உங்க பாட்டி வீட்டில் இந்தப் பிரச்னையே இருந்திருக்காது. பொங்கலுக்கு முன்னாடி சுண்ணாம்பு கலக்கி, கொஞ்சம் நீலம் போட்டு, மட்டையை முக்கி மேலேயும் அடி, கீழேயும் அடி. சுவரும் வெள்ளை, கூரையும் வெள்ளை. ஓரம் எங்கே இருக்கு? சுவருக்கு ஒரு கலர், சீலிங்குக்கு ஒரு கலர் என்று டிஸ்டம்பரும் எமல்ஷனும் வந்த பிறகுதான் இந்தக் கோடு ஒரு தலைவலியாகி, ஒரு திறமையும் ஆச்சு.

சரி, முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். "டேப் ஒட்டி அடிச்சா போச்சு, இதுக்கு எதுக்கு ஒரு பக்கம் கட்டுரை?"

வீடியோக்களில் பார்த்திருப்பீங்க. நீலக் கலர் டேப்பை சர்ர்ரென்று ஒட்டுவாங்க, பெயிண்ட் அடிப்பாங்க, உரிப்பாங்க. கத்தியால் வெட்டின மாதிரி கோடு! அந்த வீடுகளில் பெரும்பாலும் சுவர் என்பது வழவழப்பான ஜிப்சம் பலகை. நம்ம சுவர் செங்கல் மேல் சிமென்ட் பூசி, அதுக்கு மேல் பட்டி பார்த்த சுவர். சில வீட்டில் பட்டியும் கிடையாது. மணல் மணலாக இருக்கும் பூச்சின் மேல் டேப் ஒட்டினால், மேட்டில் ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. அந்தப் பள்ளம் வழியாகப் பெயிண்ட் உள்ளே புகுந்துடும். உரித்துப் பார்த்தால் கோட்டுக்குப் பதில் ரம்பப் பல். அதைவிடக் கொடுமை, பழைய டிஸ்டம்பர் சீலிங்காக இருந்தால் டேப்போடு சீலிங் பெயிண்டும் தோல் மாதிரி உரிந்து கையோடு வரும். உள்ளங்கையால் சீலிங்கைத் தேய்த்துப் பாருங்க. கையில் மாவு மாதிரி ஒட்டினால் டேப் பேச்சே வேண்டாம். சொல்லப்போனால் அந்த மாவின் மேல் புதுப் பெயிண்டும் நிற்காது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் மற்றது.

டேப்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு ஒரு வழி சொல்லிடறேன். சீலிங் நன்றாகக் காய்ந்து, வழவழப்பாக இருந்தால் மட்டும் பேப்பர் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப் கூடவே கூடாது. ஒட்டிய டேப்பின் கீழ் ஓரத்தில் முதலில் சீலிங்குக்கு அடித்த அதே வெள்ளையை லேசாக ஒரு இழுப்பு. சந்து பொந்தெல்லாம் வெள்ளையால் அடைபட்டுடும். அது காய்ந்த பிறகு சுவர்க் கலர். கலர் முழுசாகக் காயும் முன்பே, டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரிக்கணும். இத்தனை சடங்கு பண்ணுகிற நேரத்தில் கையாலேயே இரண்டு சுவர் முடிச்சிடலாம் என்பது என் கட்சி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவரும் சீலிங்கும் சேருகிற மூலையைக் கிட்டத்தில் பாருங்க. நேராகவா இருக்கு? இருக்காது. மேலே கான்கிரீட் தளம். அது சென்ட்ரிங் பலகை எப்படி நின்றதோ அப்படி நிற்கும். கீழே செங்கல் சுவர். இரண்டும் சேருகிற மூலையை கொத்தனார் கரணையால் தேய்த்து முடித்திருப்பார். ஒரு இடத்தில் மூலை கூர்மையாக இருக்கும், ஒரு இடத்தில் கிண்ணம் மாதிரி உருண்டிருக்கும். நீங்க எவ்வளவு நேர்மையாக அந்த மூலையை ஒட்டியே பிரஷ்ஷை ஓட்டினாலும் கோடு பாம்பு மாதிரித்தான் வரும். கை நடுங்கியதால் இல்லை. சுவர் அப்படி.

பல பேர் இங்கேதான் மனசு விட்டுடறாங்க. "எனக்கு டிராயிங் வராது பாஸ், கை நேரா போகாது" என்று பிரஷ்ஷைக் கீழே போட்டுடறாங்க. நல்ல பெயிண்டர் மூலையைப் பின்தொடர்வதே இல்லை. அவர் கோட்டைத் தானே முடிவு பண்றார். முதலில் சீலிங்கை அடிக்கும்போதே வெள்ளையைச் சுவரில் ஒரு அங்குலம் கீழே இறக்கிவிடுவார். காய்ந்த பிறகு, சுவர்க் கலரை மூலைவரை ஏற்றாமல், அரை அங்குலம் கீழேயே நிறுத்துவார். நேர் கோடாக. மூலை எப்படி வேணும்னா வளைந்துட்டுப் போகட்டும். வெள்ளையும் வெள்ளையும் சேருகிற இடத்தில் வளைவு கண்ணுக்குத் தெரியாது. கலரும் வெள்ளையும் சேருகிற இடம் நேராக இருந்தால், மொத்தச் சுவரும் நேராகத் தெரியும்!

அந்த நேர்கோட்டுக்குத்தான் நூல். கொத்தனார், ஆசாரி, பெயிண்டர் எல்லாரிடமும் இருக்கிற அதே நூல். கெட்டியான நூலில் சாக்பீஸ் தூளைத் தடவுங்க (காலேஜ் பிள்ளைங்களுக்கு சாக்பீஸ் கிடைக்கவா பஞ்சம்?). வெளிர் சுவர் என்றால் கொஞ்சம் கலர் சாக்பீஸ். நிறையப் போட்டால் பெயிண்டில் கலந்து வெளியே தெரியும். இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடிக்கணும். நடுவில் மூன்றாவது ஆள் நூலைச் சுண்டணும். டப்! சுவரில் கோடு விழுந்தாச்சு.

எங்கே பிடிக்கணும் என்பதில் ஒரு நுட்பம் இருக்கு. அந்தச் சுவரில் சீலிங் எங்கே அதிகமாகக் கீழே தொங்குதோ அந்த இடத்தைக் கண்டுபிடிங்க. அங்கே அரை அங்குலம் இடைவெளி இருக்கிற மாதிரி வெச்சுக்கிட்டு, மற்ற இடத்தை நூலிடம் விட்டுடுங்க. இன்ஜினீயரிங் மாணவர்கள் உடனே ரசமட்டத்தைத் தூக்கிட்டு வருவீங்க. வேண்டாம்! சீலிங் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்குன்னு வைங்க. நீங்க துல்லியமாக மட்டம் பார்த்துக் கோடு போட்டால், கோட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பட்டை ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் குண்டு ஆகும். அதுவரை யாருக்கும் தெரியாத சாய்வு ஊருக்கே தெரிஞ்சுடும். இங்கே ஜெயிக்க வேண்டியது கண்தான், கருவி இல்லை.

கோடு ரெடி. இனி பிரஷ்.

இரண்டு அங்குல பிரஷ் போதும். புதுசாக வாங்கினால் உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி உதிர்கிற முடியை எல்லாம் உதிர்த்துடுங்க. இல்லாவிட்டால் சுவரில் பிரஷ்ஷுக்கு மீசை. ஓரம் பிடிப்பதற்கு மட்டும் தேய்ந்த பழைய பிரஷ் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெயிண்டர்கள் உண்டு. தேயத் தேய முடி நுனி கூர்மையாகி, சொன்ன பேச்சு கேட்கும்.

பக்கெட்டில் நேராக முக்காதீங்க. சின்ன டப்பாவில் கொஞ்சம் ஊற்றிக்குங்க. முடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முங்கினால் போதும். டப்பாவின் உள்பக்கச் சுவரில் இரண்டு பக்கமும் தட்டுங்க. விளிம்பில் வைத்து வழித்தால் பிரஷ் காலியாகிடும். காலி பிரஷ் கோடு போடாது, கீறும். ரொம்ப நிறைஞ்ச பிரஷ்ஷும் கோடு போடாது, முழங்கைவரை வழியும்.

முதல் இழுப்பைக் கோட்டில் வைக்கவே வைக்காதீங்க. கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே ஒரு அடி நீளத்துக்கு இழுங்க. அது பெயிண்டை இறக்கி வைப்பதற்கு மட்டும். அடுத்த இழுப்பில் பிரஷ்ஷை மெல்ல அழுத்துங்க. முடி விசிறி மாதிரி விரியும். அந்த விரிந்த நுனி, கீழே இருக்கிற ஈரப் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறும். கோட்டைத் தொடும் இடம்வரை ஏற்றி, அப்படியே நிற்காமல் ஓட்டுங்க. மணிக்கட்டை ஆட்டினால் வளைவு வரும். கை முழுசும் தோளிலிருந்து நகரணும். கண் பிரஷ்ஷின் மேல் இருக்கக்கூடாது. பிரஷ் போகப்போகிற இடத்தில், நாலு விரற்கடை முன்னால் இருக்கணும். பைக் ஓட்டும்போது முன் டயரையா பார்ப்பீங்க? சுண்டு விரலைச் சுவரில் லேசாக ஊன்றிக்கிட்டால் கை ஆடாது. முதல் இரண்டு அடி மோசமாகத்தான் வரும். அதனால் ஆரம்பத்தைக் கதவுக்குப் பின்னாடி வெச்சுக்குங்க!

சீலிங்கில் பட்டுடுச்சா? பதற வேண்டாம். பட்டிபோடும் தகட்டில் ஈரத்துணியைச் சுற்றி அந்த நிமிஷமே ஒரு துடைப்பு. காய்ந்துவிட்டால் விட்டுடுங்க, கடைசியில் வெள்ளை பிரஷ்ஷால் மேலே இருந்து சரி பண்ணிக்கலாம்.

அடுத்தது, முதல் தடவை அடிக்கிறவங்க அத்தனை பேரும் மாட்டுகிற இடம். நாலு சுவருக்கும் ஓரம் பிடித்து முடிச்சு, டீ குடிச்சிட்டு வந்து, நிதானமாக ரோலர் போடுவாங்க. மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு சுவரும் போட்டோ ஃப்ரேம் போட்ட மாதிரி இருக்கும். ஓரம் முழுக்க ஒரு நிறம், நடுவில் வேறு நிறம். ஒரே டப்பாதான், ஒரே பெயிண்ட்தான். ஆனால் பிரஷ் போட்டது காய்ந்த பிறகு அதன் மேல் ரோலர் ஏறினால் இரண்டும் கலக்காது. தடிமன் வேறு, புள்ளி வேறு. அதனால் ஒரு சுவருக்கு ஓரம் பிடித்த ஈரத்தோடு ரோலர் போடணும். ரோலரைக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில், படுக்கை வசமாக ஒரு உருட்டு. ஒருத்தர் ஓரம், இன்னொருத்தர் பின்னாலேயே ரோலர். ரூம்மேட்ஸ் எதுக்கு இருக்காங்க? மே மாசத்து வெயிலில் எமல்ஷன் கண் முன்னாடியே காயும். ஃபேனை நிறுத்திடுங்க. வேர்க்கும். வேர்க்கட்டும்.

ஃபேனை நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்க ஸ்டூல் மேல் நிற்கறீங்க, தலை சீலிங்கில் இடிக்குது, பக்கத்தில் இறக்கை சுற்றுது. நினைச்சுப் பாருங்க. ட்யூப்லைட் பட்டிக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்கும் பக்கத்தில் ஓரம் பிடிக்கும்போது மெயினையே ஆஃப் பண்ணிடுங்க. ஈர பிரஷ், வெறும் கை, திறந்த வயர் மூன்றும் சேரக்கூடாது. ஸ்டூல் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் பக்கெட் போன்ற சர்க்கஸ் வேண்டாம். ஏணியில் எட்டி எட்டி அடிக்காதீங்க. இறங்கி, நகர்த்தி, ஏறுங்க. மேலே பார்த்தே வேலை செய்வதால் கண்ணில் சொட்டும். ஒரு கண்ணாடி போட்டுக்குங்க. முகத்திலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டால் சாயங்காலம் பெயிண்ட் சுலபமாக வரும்.

பழைய வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அடித்த பெயிண்ட், முக்கியமாகக் கதவு ஜன்னலில் இருக்கும் ஆயில் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்ங்க. மூக்கில் மாஸ்க். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுங்க.

இதெல்லாம் படிக்கிற உங்க கிளாஸில் ஒருத்தர் லேசாகச் சிரிச்சுக்கிட்டு இருப்பார். கவனிச்சுப் பாருங்க. லீவ் விட்டால் அப்பாவோடயோ மாமாவோடயோ பெயிண்ட் வேலைக்குப் போகிறவர். திங்கட்கிழமை காலையில் நகக்கண்ணில் ஒட்டின வெள்ளையை பெஞ்சுக்குக் கீழே ஒளிச்சு வெச்சுக்கிறவர். ஃபீஸ் கட்டும் கியூவில் அந்தக் காசுதான் அவர் கையில் இருக்கும். வேலைக்குப் போன புதுசில் அவரிடம் உப்புத்தாளைத்தான் கொடுத்திருப்பாங்க. தேய்க்கணும், தூசி தின்னணும். அப்புறம் பட்டி. அப்புறம் பிரைமர். அப்புறம் ரோலர். சீலிங் ஓரத்தை மட்டும் சீனியர்தான் பிடிப்பார். "இன்னிக்கு இந்த ரூம் ஓரம் நீ பிடி"ன்னு சொல்ற நாள் அவருக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் வந்த மாதிரி. உங்க ஹாஸ்டல் அறையிலோ கிளாஸ் ரூமிலோ, இடுப்பு உயரத்துக்குக் கீழே அடர்த்தியாக ஒரு கலரும் மேலே வெளிராக ஒரு கலரும் அடிச்சு நடுவில் ஒரு கோடு போட்டிருந்தால் இன்னிக்கு நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பாருங்க. அதுவும் நூல் பிடிச்ச, யாரோ ஒருத்தர் மூச்சை அடக்கிக்கிட்டு இழுத்த கோடுதான்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப்போறீங்கன்னா அந்த நண்பரைக் கூப்பிடுங்க. "மச்சி, சும்மா வந்து சொல்லிக் கொடு"ன்னு கூப்பிடாதீங்க. அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தால் அவருக்கு என்ன கிடைக்குமோ, அதைக் கையில் கொடுங்க. ஒரு மாச வாடகையை மிச்சம் பண்றீங்க இல்ல? அதிலிருந்து கொடுங்க. ஓரம் அவர் பிடிக்கட்டும், நீங்க ரோலர் போடுங்க. கடைசி ஒரு சுவரை மட்டும் கேட்டு வாங்கி நீங்க பிடிச்சுப் பாருங்க.

முதல் கோட் காய டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைக் கொடுங்க. இரண்டாவது கோட்டுக்கும் அதே ஓரம், அதே வரிசை. ராத்திரி ட்யூப்லைட்டைப் போட்டு ஒரு தடவையும், காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவையும் பாருங்க. இரண்டிலும் தெரிகிற பிசிறை மட்டும் திருத்துங்க. தேடித் தேடித் திருத்த ஆரம்பிச்சால் ரயிலை விட்டுடுவீங்க.

பிரஷ்ஷை அன்னிக்கே தண்ணீரில் அலசி, முடியை நேராக நீவி, தொங்க விடுங்க. மிச்சம் இருக்கும் பெயிண்டைத் தண்ணி பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி, மேலே ஷேடு நம்பரை எழுதி லாஃப்டில் வைங்க. சாவி கொடுக்கும்போது ஓனரிடம் அதையும் சொல்லுங்க. அவர் சுவரைப் பார்ப்பார். அப்புறம் நிமிர்ந்து சீலிங் ஓரத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் நீங்க அட்வான்ஸ் பேச்சை எடுக்கலாம்.

(அடுத்த வாரம்: சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி?)